கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்

ஜனவரி. ஓலு நகரம். காலை ஏழரை, இன்னும் இருட்டு.
எஞ்சினைச் சூடேற்றும் வயரைக் கம்பத்தில் செருகிவிட்டு
மறுபடி வண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்கிறேன்.
நேற்று ஒன்பது நிமிடம்.
இன்று பதினொன்று.

மடியில் பெட்ரோல் ரசீது, அதன் முதுகில் கணக்கு:
இருபத்தாறு வருடம்.
நானாக விலகினால் சுழியம்.
அவர்களாக அனுப்பினால் பதினெட்டு மாதச் சம்பளம்.
வரி போக, வீட்டுக் கடனின் மிச்சம் போக,
ஒரு கோடையும் அரை இலையுதிர்காலமும் கையில் நிற்கும்.

சொந்தக் காலில் நடந்து போனால் ஒன்றுமில்லை,
கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் காசு.
தினமும் கழுத்தைச் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டுதான் வருகிறேன்.

என் வேலை இது:
கோபுரங்களில் மாட்டும் சிக்னல் பெட்டிகளை
மைனஸ் நாற்பதில் உறைய வைப்பேன்,
எண்பது டிகிரியில் வேக வைப்பேன்,
மேடையில் ஏற்றிக் குலுக்குவேன்.
ஆயிரம் சுற்று.
எது எந்தச் சுற்றில் கைவிட்டது என்று எழுதிவைப்பேன்.
பெரும்பாலும் எதுவும் உடைந்து விழாது.
உள்ளே ஒரு பற்றவைப்பில் மயிரிழை விரிசல்,
அவ்வளவுதான்.
வெளியே பச்சை விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அக்டோபரில் அறிவித்தார்கள், நூற்று நாற்பது பேர் என்று.
காபி அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் ஊரில் சாதாரண நாளிலும் பேச்சு குறைவு.
ஆனால் வெய்க்கோவின் உதடு அசைந்தது:
பெருக்கிக்கொண்டிருந்தான்.
நானும்தான்.
எதிரில் இருந்தவள் பன்னைப் பிய்த்து
வருடத்துக்கு ஒரு துண்டாக அடுக்கியதாக
எனக்குத் தோன்றியது, பசியாகவும் இருக்கலாம்.

சோம்பேறியாக நடித்துப் பார்த்தேன்.
ஒரு அறிக்கையை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.
மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அனுப்பிவிட்டேன்.
கெட்ட பழக்கம், இருபத்தாறு வருடத்துப் பழக்கம்.

போக விரும்பாதவள் உல்பு ஒருத்திதான்.
கடன் இல்லை, நோய் இல்லை, படிக்கிற பிள்ளை இல்லை.
இந்த வேலை பிடிக்கும் அவளுக்கு.
குளிர் அறைக் கதவைத் திறக்கும்போது
ஏதோ வாய்க்குள் முணுமுணுப்பாள்.
எதையென்று முப்பத்தொரு வருடமாக யாரும் கேட்டதில்லை,
பக்கத்து மேசையில் இருந்த நானும்.

புதன்கிழமை பட்டியல் வந்தது.
உல்புவின் பெயர் இருந்தது.
என் பெயர் இல்லை.
வெய்க்கோ தோளைத் தட்டி 'தப்பித்தாய்' என்றான்,
அவனும் தப்பித்திருந்தான்,
முகம் சுருங்கிக் கிடந்தது.

மேலே போனேன், பணியாளர் பிரிவுக்கு.
'மாற்றிக்கொள்ள முடியுமா?
அவள் இருக்கட்டும், நான் போகிறேன்.'
சைலா அம்மையார் திரையைப் பார்த்தபடி, அன்பாகவே சொன்னார்:
'அப்படி வழியில்லை.
நீங்கள் எங்களுக்கு ரொம்ப முக்கியமானவர்.'
இருபத்தாறு வருடம் காத்திருந்த சொல்.
கேட்டதும் வயிற்றைப் புரட்டியது.

உல்பு ஒரு கோப்பையும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும்
பையில் போட்டுக்கொண்டாள்.
'இருபத்திரண்டு மாதச் சம்பளமாம்' என்றாள்,
வேறு யாருடைய காய்ச்சலையோ சொல்வதுபோல.
'அதை வைத்துக்கொண்டு காலையில் எங்கே போக?'
சொல்வதற்கு என்னிடம் நூறு இடம் இருந்தது.
இரண்டு வருடமாக வண்டிக்குள் உட்கார்ந்து
சேர்த்த இடங்கள்.
ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவளுடைய பெட்டிகளும் என் மேசையில்.
அடுத்த சுற்று வசந்தத்தில் என்று பேச்சு அடிபடுகிறது.
அதுவரை தாங்கினால் கணக்கில் அரை மாதம் கூடும்.
ரசீதில் அடித்துத் திருத்திவிட்டேன்.

பக்கத்துக் கம்பத்தில் அவள் வைத்துப்போன நேரக் கடிகாரம்
இன்றும் டிக்கென்று விழுந்து
மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.
செருக வயர் இல்லை.
சூடேற வண்டி இல்லை.
வெறும் பனி.

பதிமூன்று நிமிடம்.
இறங்குகிறேன்.